எழுதியிருக்கிறபடி

“பிரசாந்தை உன் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?” என்று போதகர் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

ரம்யா வாயைத் திறக்கவில்லை.

அறந்தாங்கியின் அந்தச் சின்ன தேவாலயத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் தேவவரம் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் மணப்பெண்ணின் அப்பா மட்டுமல்ல, சபையின் செயலாளரும்கூட. மானம் போனால் இரண்டு பக்கமும் போகும்.

மாப்பிள்ளை பிடிக்கவில்லையா? அவள்தானே பார்த்துச் சொன்னாள்.

புதுக்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்த சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்த ஜவுளிக்கடை கலீல் ரஹ்மான் எழுந்தே விட்டார். பிரசாந்த் மட்டும் வேர்க்காமல் நின்றான்.

தேவவரம் மகளிடம் போனார். “சொல்லும்மா. ஊரே பாக்குது.”

அவள் அவர் காதருகே குனிந்தாள். “சபையில பொம்பளை பேசலாமாப்பா?”

அவருக்குச் சுரீரென்றது.

போன மாதம் பெண்கள் ஞாயிறன்று பிரசங்கம் செய்ய அனுமதி கேட்டவள் அவள். பெண்கள் சபையில் பேசக் கூடாது என்கிற அந்த ஒரு பைபிள் வசனத்தையே வருடக்கணக்கில் ஆராய்ந்து, மதுரையில் டாக்டர் பட்டம் வாங்கியவள். அது அந்தக் காலத்தில் ஏதோ ஓர் ஊர்ச் சபையில் நடந்த குழப்பத்துக்காக எழுதிய கடிதம், எல்லாக் காலத்துக்குமான பூட்டு இல்லை என்று கமிட்டியில் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மற்றவர்கள் பாதி இறங்கி வந்தார்கள். இவர்தான் மேசையைத் தட்டினார். விளக்கமெல்லாம் காலேஜோடு இருக்கட்டும், நமக்கு எழுதியிருக்கிறபடிதான் என்றார்.

இப்போது அவள் எழுதியிருக்கிறபடியே நின்றாள். கண்ணில் கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. சாயங்காலம் வரைக்கும்கூட நிற்பாள். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவர் வேறெங்கும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

போதகர் மூன்றாம் முறை கேட்கத் தொண்டையைச் செருமினார்.

தேவவரம் மைக்கைப் பிடித்து இழுத்தார். “ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமை பிரசங்கம் எம்மகதான். இதை எல்லாரும் கேட்டுக்கங்க.”

ரம்யா பிரசாந்த் பக்கம் திரும்பினாள். “சம்மதம்,” என்றாள்.

“ஆமென்!” என்று பெண்கள் பக்கம் ஒரே குரலாக அதிர்ந்தது.

காலையிலிருந்து அந்தப் பக்கத்தில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை என்பது தேவவரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஆரம்பப் பாட்டு எடுபடவில்லை என்று மைக்செட்காரரை அவர் திட்டியதெல்லாம் வீண்.