விட்டுப்போன அடி

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஜெரால்டு தன் குழுவின் கேசட்டுக்கு வாசிக்கும்போது டிரம்ஸ் குச்சி கைநழுவி ஓர் அடி விட்டுப்போனது. கேசட் அப்படியே வெளிவந்தது. அந்த வெட்கத்தில் அவர் வாசிப்பதையே மூட்டை கட்டி வைத்தார். இப்போது, அந்தக் குழுவின் ராக் பாட்டுகளை அச்சுப் பிசகாமல் வாசிக்கும் பொடிசுகளோடு, தான் யாரென்று சொல்லாமலே சேர்ந்திருந்தார். ஒத்திகையில் அந்த அடியை மறக்காமல் அடித்தார்.

பாடகி மெர்லின் பாட்டை நிறுத்தினாள். "அங்கிள், அங்க அடிக்கக் கூடாது. அந்த இடத்துக்காகத்தான் ஜனங்க வர்றாங்க. வேற யாருக்கு அப்படி ஒரு அடிய விடத் தோணிருக்கும்?"

மேடையில் அந்த இடம் வந்தது. ஜெரால்டு குச்சியைத் தலைக்கு மேலே தூக்கினார். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையைப் பார்த்தது. அவர் அவசரப்படவே இல்லை.