பயிற்சிப் பதிவேடு

"கட்டடத்துல ஒரு கீறல்கூட விழலை அக்கா. பேசாம உள்ளேயே இருந்திருந்தா உங்க பொண்ணு இன்னிக்கு உயிரோட இருந்திருப்பா."

கல்லூரித் துணை முதல்வர் எசென்பெக் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார்.

ரக்கிமா தலையைத் தூக்கவில்லை. மலையூரான நாரினிலிருந்து ஆறு மணி நேரம் வேனில் இடிபட்டு தலைநகர் பிஷ்கெக் வந்திருந்தாள். போன வாரம் பூமி ஆடியபோது, அவள் மகள் அய்கானிஷ் விடுதியின் நாலாம் மாடி ஜன்னலிலிருந்து குதித்துவிட்டாள்.

"குதிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லித் தரலையா, ஐயா?"

"சொல்லாம இருப்போமா? போன மாசம்தான் பயிற்சி வச்சோம். 'ஜன்னல் பக்கமே போகாதீங்க, மேஜைக்கு அடியில உட்காருங்க'ன்னு தொண்டை வத்தக் கத்தினோம். இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்கே காதுல வாங்குது?"

பதிவேட்டைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

"பாருங்க. 'கேட்டேன், புரிந்துகொண்டேன்'னு கையெழுத்துப் போட்டிருக்கா."

ரக்கிமா அந்த இடத்தை விரலால் தடவினாள்.

"எம்பொண்ணு இவ்வளவு அழகா எழுத மாட்டாளே."

கதவோரம் நின்றிருந்த வகுப்புத் தலைவி பெர்மெத் மெதுவாகச் சொன்னாள்:

"அது நான் போட்டதும்மா."

எசென்பெக் நிமிர்ந்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா அக்கா? சிநேகிதிக்கு உதவறேன்னு அவ உயிரையே வாங்கிட்டா. கள்ளக் கையெழுத்துப் போட்டவ இனிமே இந்தக் கல்லூரியில படிக்க முடியாது."

ரக்கிமா பெர்மெத்தையே பார்த்தாள்.

"கையைப் பிடிச்சு இழுத்துட்டாவது பயிற்சிக்குப் போயிருக்கக் கூடாதாம்மா? அவ வந்திருப்பாளே."

பெர்மெத் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எங்கேம்மா இழுத்துட்டுப் போறது? பயிற்சின்னு ஒண்ணு நடக்கவே இல்லை. விடுதிப் பொறுப்பாளர் பதிவேட்டை எங்கிட்ட குடுத்துட்டாங்க. முப்பத்தோரு பேருக்கும் நானே உட்கார்ந்து, பேனாவை மாத்தி மாத்திப் போட்டேன்."

"பொய் சொல்றா. நான் முன்னாடி நின்னு நடத்தின பயிற்சி. கீழே எங்கையெழுத்து இருக்கு, பாருங்க."

"அதுவும் நான் போட்டதுதான், ஐயா. அன்னிக்கு ஓஷ் நகரத்துல கல்யாண வீட்டுல இருந்து நீங்கதானே போன் பண்ணினீங்க, 'என்னுதையும் சேர்த்துப் போட்டுடு'ன்னு."