பதினோராவது ஆசை

"கீழ குந்திகினு கீற ஜனங்களுக்கு நம்ம வாசிப்பு எப்டி கேக்குதுன்னு நமக்குத் தெரியணும் தம்பி. அடுத்த பெட்டியில அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இது பதினோராவது."

மேடையில் நின்று கிதார்காரன் தமிழரசன் சொன்னதை ஸ்ரீகாந்த் எழுதிக்கொண்டான். சென்னையிலிருந்து இரண்டு பஸ் மாறி மானாம்பதிக்கு வந்த கம்பெனி ஆள். அவனுடைய கம்பெனி செய்வது செங்கல் அளவுக்கு ஒரு டிஜிட்டல் பெட்டி. கிதாரின் ஒயரை அதில் செருகினால், உலகத்தில் உள்ள பழைய ஆம்ப்ளிஃபயர்கள் அத்தனையின் குரலிலும் மிமிக்ரி செய்யும். தமிழரசன் வாசிப்பதும் அதில்தான். அடுத்த மாடல் கடைக்கு வருமுன் வாசித்துப் பார்த்துக் குறை சொல்லப் பத்துக் கிதார்காரர்கள் வேண்டுமாம். ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். பத்தாவது ஆள் தான்தான் என்று தமிழரசன் தன் வயலில் நாற்று நட வந்தவர்கள் வரைக்கும் சொல்லி முடித்திருந்தான். இனி கிடைக்காமல் போனால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது.

பத்து ஆசைகளை ஏற்கெனவே கொட்டியாகிவிட்டது. வெயிலில் திரையில் எழுத்து தெரிய வேண்டும். ஜெனரேட்டர் மாற்றினால் பெட்டி ஒன்றரை நிமிஷம் சோம்பல் முறிக்கக் கூடாது. பக்கத்து வயலில் மோட்டார் போட்டால் கூடவே உறுமக் கூடாது. குரல்களுக்கு வாயில் நுழையாத பெயர் வைக்காமல் 'அம்மன் பாட்டு', 'கானா', 'காதல் தோல்வி' என்று வைத்தால் புண்ணியம்.

"பதினோராவதுக்கு இந்தப் பெட்டியிலேயே வழி இருக்கு சார்" என்றான் ஸ்ரீகாந்த். "கொஞ்சம் வாசிச்சுட்டு இந்தப் பொத்தானை மிதிங்க. வாசிச்சதையே திரும்பத் திரும்பப் பாடிக்கிட்டிருக்கும். நீங்க கீழ போய்க் கேக்கலாம். புக்குல மூணாம் பக்கமே போட்டிருக்கு."

அந்தப் புத்தகத்தைத் தமிழரசன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தான்.

ஆடித் திருவிழாக் கச்சேரிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கீபோர்டுக்காரி பூஜா உட்படக் குழு ஒத்திகைக்குத் தயாராக நின்றது. தமிழரசன் தன் பங்கை வாசித்தான். பொத்தானை மிதித்தான். வாசிப்பவருக்கு மட்டும் கேட்கும் காலடி ஸ்பீக்கர் அதைத் திருப்பிச் சொன்னது. கிதாரை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, ஆரம்பிக்கச் சொல்லிக் கையைக் காட்டி, மைதானத்தில் இறங்கினான்.

மைதானத்தின் நடுவே மிக்ஸர் முன்னால் இருந்த சவுண்ட்காரன் தினேஷ்குமார் துள்ளி எழுந்தான். சவுண்டெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கீழே ஒரே புழுதி, மேடையிலேயே இருந்தால் டீ வரும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். தமிழரசன் அவனைத் தாண்டிப் போய்க் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தான்.

மைதானத்துப் பெரிய ஸ்பீக்கர்களில் கிதார் வந்தது.

தமிழரசன் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தான். காலடி ஸ்பீக்கரில் கேட்கும்போது அறுவடை மெஷின் வரப்பேறுவதுபோல இருப்பது இங்கே இப்படி உருகுகிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், எப்போதும் அரை வினாடி பிந்துகிறது என்று தனக்குள்ளேயே ஒரு சந்தேகம் உண்டு. வெளியே சொன்னதில்லை. இங்கே ஒரு இடம்கூடப் பிந்தவில்லை. கீதா இத்தனை வருஷம் பெண்டாட்டியாக இருந்து ஒரு நாள் பாராட்டியதில்லை; இன்றைக்கு அவளை இதே நாற்காலியில்தான் உட்காரவைக்க வேண்டும். பதினோரு ஆசையையும் அடித்துவிடச் சொல்லலாம், பெட்டியில் ஒரு குறையுமில்லை என்று நினைத்தபோது கண் கலங்கியது.

எழுந்து மிக்ஸருக்கு வந்தான்.

"நாலு வருசமா இப்டியாடா கேட்டுகினு கீது?"

"ஆமாண்ணா" என்றான் தினேஷ்குமார், தரையைப் பார்த்துக்கொண்டு. "இப்டிதான்."

"ஒரு நாள் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லணும்னுதான் நெனைப்பேன். வாய் வராதுண்ணா."

தமிழரசன் அவன் தோளில் தட்டிக்கொடுத்தான். பாவம், மனசுக்குள் எவ்வளவு மரியாதை.

மேடையிலிருந்து ஸ்ரீகாந்த் இறங்கி ஓடி வந்தான். கையில் அந்தப் பெட்டி, பின்னால் இழுபடும் ஒயர்.

"மன்னிச்சுக்குங்க சார். நீங்க கீழ இறங்கினப்பவே என் கால் பட்டு, பெட்டிக்குக் கரண்ட் தர்ற அடாப்டர் ஒடைஞ்சுபோச்சு. வேற தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கலை. நீங்க வாசிச்சது ஒரு சொட்டுகூடக் கேட்டிருக்காது."

தமிழரசன் பெட்டியைப் பார்த்தான். திரை கறுத்திருந்தது. மேடையைப் பார்த்தான். அவன் கிதார் ஸ்டாண்டில் சும்மா சாய்ந்திருக்க, கீபோர்டில் பூஜாவின் வலது கை மட்டும் கிதார் குரலை இன்னும் உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தது.

மிக்ஸரில் 'தமிழ் அண்ணன்' என்று பிளாஸ்திரி ஒட்டியிருந்த, சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழைத் தினேஷ்குமார் உள்ளங்கையால் மறைக்கப் பார்த்தான். அடிமட்டத்தில் கிடந்த அதன் மேல் நாலு வருஷத்துத் தூசி, ஒரு விரல்கூடப் படாமல் படிந்திருந்தது.