பரீட்சைக்கு ஒரு மாத்திரை

"டாக்டர் எழுதிக் கொடுக்காம சாப்பிடலாமாப்பா?" என்றாள் மகள்.

"பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருக்கு. ஞாபக சக்தி மாத்திரைதானே, என்ன பயம்? வேணும்னா நானே சாப்பிட்டுக் காட்டுறேன்."

அந்த வீட்டில் அப்பா சொன்னால் சொன்னதுதான். தினமும் காலையில் அவர் நீட்டும் மாத்திரையோடு மகள் அடுப்படிக்குள் போனாள்.

மூன்றாவது வாரம் அப்பாவுக்குத் தூக்கம் போனது. நெஞ்சு படபடத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"எனக்கெதுக்கு? இவளுக்குத்தான் ஞாபக சக்திக்குக் கொடுக்கிறேன்."

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க? தூக்கம் கெடும், படபடப்பு வரும்."

"அதெல்லாம் சும்மா சார். இவளைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கா. படுத்தா குறட்டைதான்!"

மகள் தலைகுனிந்துகொண்டாள்.

"நீங்கதானேப்பா சாப்பிட்டுக் காட்டுறேன்னீங்க? தினமும் உங்க காபியிலதான் கரைச்சேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நாளையிலிருந்து நானும் சாப்பிடலாம்னு இருந்தேன்."