சுவரைத் தாங்கிய தாள்

ஒரு தாள் இவ்வளவு முட்டாளாக இருக்குமா என்று, பல்லி சொன்ன இந்தக் கதையைப் பல வருடம் சந்தேகப்பட்டேன்.

பழைய வீட்டின் அறையைப் புதுப்பிக்க, பூப்போட்ட சுவர்த்தாளை உரிக்கச் சுரண்டும் தகடு வந்தது.

"பெரியவரே, தண்ணீர் தெளித்தாயிற்று. நீங்களே கழன்றுகொண்டால் முழுசாக வரலாம். அலமாரியிலாவது விரிப்பார்கள்" என்றது தகடு.

"போடா! நான் விட்டால் சுவர் விழுந்துவிடும்."

தாளின் முதுகுக்குப் பின்னால் சுவர் புழுங்கிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

தாள் கடைசிவரை பிடியை விடவில்லை. விரலகலத் துண்டுகளாகக் குப்பைக்குப் போனது. சுவர், "அப்பாடா!" என்றது.

இதைச் சொல்லிவிட்டு, அந்தச் சுவரிலேயே குடியிருந்த பல்லி விழுந்து விழுந்து சிரிக்கும். போன வாரம் கேட்டேவிட்டேன்:

"தன் பிடியால்தான் சுவர் நிற்கிறதென்று தாள் சொன்னபோதெல்லாம், பின்னாலிருந்து 'த்ச், த்ச்' என்று சகுனம் சொல்லி ஆமோதித்தது யாரப்பா?"