பெரியம்மா தராத முத்தம்

பெயர் வைத்த அன்று, சூடானின் ஒம்துர்மான் நகரத்து வீட்டில் அத்தனை பேரும் குழந்தையை முத்தமிட்டுவிட்டார்கள். இஹ்லாஸ் மட்டும் தொடவே இல்லை.

இத்தனைக்கும் குழந்தையின் அம்மா ரிஹாபுக்குக் கூடப் பிறந்த அக்கா. கார்ட்டூமிலிருந்து ஆசையாக வந்தவள், வாசற்படியிலேயே நின்று, நன்றாக இருக்கிறாள் என்றதோடு சரி. ரிஹாப் குழந்தையை நீட்டியபோது கைகளை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஒரு காலத்தில் அக்கா தங்கை இருவரும் ஒரே கறுப்பு. கல்யாணமான பிறகு இஹ்லாஸ் ஏதோ கிரீமைப் பூசிப் பூசி முகத்தை வெளுக்க வைத்திருந்தாள். விரல் கணுக்கள் மட்டும் வெளுக்க மறுத்துவிட்டன.

பக்கத்து வீட்டு நிமாத் சும்மா இருப்பாளா? வெள்ளைக்காரிக்குக் கறுப்புப் பிள்ளையைத் தூக்க மனசு வருமா என்று ரிஹாபின் காதில் போட்டுவிட்டுப் போனாள்.

விருந்து முடிந்து வீடு அடங்கியது. சந்தனப் புகை கட்டிலைச் சுற்றி மெல்ல மிதந்தது. ரிஹாபுக்குக் கண் செருகியது. அறையே நைல் நதியில் படகுபோல் அசைந்தது. படகில் சிறுமிகளாக அவளும் அக்காவும். தண்ணீரில் இரண்டு கறுத்த முகங்கள் ஒன்றாகக் கலந்து, பிரிந்து, மறுபடி கலந்தன.

பாதிக் கண் திறந்தபோது, தொட்டிலருகே அக்கா.

அவள் கை குழந்தையின் முகத்துக்கு மேலே, வெறும் காற்றில், நெற்றி, மூக்கு, கன்னம் என்று வருடிக்கொண்டிருந்தது. படவில்லை.

இதுவும் கனவுதானோ என்று ரிஹாப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஆனால் மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"என் பொண்ணு உனக்கு அவ்வளவு கறுப்பாக்கா?"

கை அப்படியே நின்றது. இஹ்லாஸ் அதை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு, கை நடுங்குகிறதென்று டாக்டரிடம் போனதையும், அவர் கிரீமைச் சோதிக்க அனுப்பியதையும் மெதுவாகச் சொன்னாள். அதில் பாதரசமாம்.

"முந்தாநாள்தான் பூசறதை விட்டேன். கையில, துணியில எங்கெல்லாம் ஒட்டியிருக்கோ தெரியலை. பச்சப்புள்ள உடம்புல ஏறிடும், கொஞ்ச நாளைக்குத் தூக்காதேன்னுட்டார்."

கை மறுபடி குழந்தையின் முகத்துக்கு மேலே போனது.

"அதான் ரிஹாப், காத்துலயே கொஞ்சிட்டிருக்கேன்."