தனிக்கட்டு

"எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாத ஜென்மங்களை எல்லாம் தனியா தள்ளும்மா," என்றார் தேவானந்தம், கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு. எதிரில் அந்த ஜென்மங்கள் யாரும் இல்லை. வெறும் அட்டைகள்தான்.

குரோம்பேட்டையில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு அட்டை பிரிக்கும் மெஷின் வந்தது எழுபத்திமூன்றில். ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு வரி: பெயர், வயது, படிப்பு, சர்வீஸ். அட்டையில் குத்தியிருக்கும் துளைகளைப் பார்த்து, கேட்ட மாதிரியான அட்டைகளை மட்டும் அது ஒரு பெட்டியில் தள்ளிவிடும். ஓட்டுபவள் பல்லாவரத்து சபீஹா.

முதலாளி சுப்பராயலு காலையில் போனில் கேட்டது இவ்வளவுதான்: பட்டறையில் பதினைந்து வருஷம் கழித்தவர்களில் எஸ்.எஸ்.எல்.சி.க்குக் கீழே படித்தவர்கள், அவர்களுடைய அட்டைகள் தனிக்கட்டாக வேண்டும். எதற்கென்று அவர் சொல்லவில்லை. பர்சனல் மேனேஜர் தேவானந்தம் கேட்கவும் இல்லை. கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது. கழித்துக்கட்டப் போகிறார்கள், வேறென்ன?

அட்டைகள் விழ விழ அவர் வாசித்துச் சிரித்தார். இவன் கைநாட்டு. இவன் சம்பள நாளில் மட்டும் குளிப்பவன். இவனுக்கு மூளை முழங்காலில். சபீஹா சிரிக்கவில்லை.

அடுத்து விழுந்தது சத்தியநாதனின் அட்டை. தேவானந்தத்தின் தங்கை புருஷன், ஃபிட்டர். சிரிப்பு நின்றது. அதை உருவி மீதி அட்டைகளின் கட்டுக்குள் செருகினார். கையோடு அந்தக் கட்டிலிருந்து ஸ்டோர்ஸ் கிளார்க் லோகநாதனின் அட்டையைத் தேடி எடுத்து தனிக்கட்டில் வைத்தார். நாலு பேர் முன்னால் தன்னை எதிர்த்துப் பேசியவன்.

"லோகநாதன் சார் பி.எஸ்சி. ஆச்சே சார்," என்றாள் சபீஹா.

"வீட்டுக்குப் போறவனுக்குப் பட்டம் எதுக்கும்மா?"

மாலையில் சுப்பராயலு நேராக மெஷின் அறைக்கே வந்தார். தூக்கம் கெட்ட முகம். தேவானந்தம் அட்டைக் கட்டை நீட்டி, கம்பெனியின் குப்பை மொத்தமும் இதில் அடக்கம் என்றார்.

சுப்பராயலு அதைக் காதில் வாங்கவில்லை. அட்டைகளை மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்தார். இந்த இடத்தை விற்றாகிவிட்டது, ஆபீஸும் இதோடு சரி என்று மெதுவாகச் சொன்னார். காட்டாங்குளத்தூரில் சின்னதாக ஒரு பட்டறை. கைவேலை தெரிந்த பழைய ஆட்களை வைத்து இனி அது ஒன்றுதான் ஓடும்.

பிறகு கட்டைப் பத்திரமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இவங்க மட்டும் போதும். மத்தவங்களுக்கெல்லாம் நோட்டீஸ் அடிச்சிடுங்க."